முன்களத்தில் நின்ற ஷ்டெஃபான்

போன கிழமை முழங்கால் நோவுக்காக மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் ஒரு நீலப் போத்தலைத் தந்து, நன்றாகத் தேய்க்கச் சொன்னாள். சாராயத்தில் கற்பூரமும் ஊசியிலை எண்ணெயும் கலந்த தைலம். ஜெர்மன் கிழவர்கள் எல்லோருடைய குளியலறையிலும் இருக்கும் சாமான். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டு, காருக்குள் இருந்தபடி மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான். பக்கத்து இருக்கையில் ஷ்டெஃபான் வந்து இருந்துவிட்டார்.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஸ்லோவாக்கியர். ஒரு காலத்தில் பிராத்திஸ்லாவாவின் பெரிய உதைபந்தாட்ட அணியொன்றில் முன்கள வீரர். தேசிய அணியின் சட்டையைச் சில தடவை போட்டவர். எனக்குத் தெரியவந்தபோது, ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சோடாவும் பியரும் ஏற்றி இறக்கும் லொறிச் சாரதி.

நான் அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்த புதிது. குலம் அண்ணைதான் அந்தக் குடிபானக் கம்பனியில் என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே எங்கள் ஆள் என்று அவர் ஒருவர்தான். முதல் நாளே காதுக்குள் சொன்னார்: “உன்னை அந்தச் செக் நாட்டுக்காரன்ர லொறியில போட்டிருக்கிறாங்கள். குடிகாரன் போல. காலமையே மணக்குது. கவனமாய் இரு.”

காலமை மணத்தது இந்தத் தைலம். லொறியில் ஏறுமுன் காற்சட்டையைச் சுருட்டி, வலது முழங்காலில் தேய்ப்பார். அது தெரியாமல் முதல் இரண்டு கிழமையும் நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டபடி பயணம் செய்தேன். இன்னொன்று, அவரைச் செக்காரன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு, “ஸ்லோவாக்” என்பார். அவர் என்னை இந்தியன் என்றபோது நானும் அதே மாதிரித் திருத்தினேன். அன்றைக்கே சிநேகிதம் பிடித்துவிட்டது. இரண்டு பேருக்கும் டொச், அதுதான் ஜெர்மன் மொழி, அரைகுறை. அவருடைய பிழைகள் வேறு, என்னுடைய பிழைகள் வேறு, அதனால் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு மொழி வந்துவிடும். அவர் சொன்னவற்றை என்னுடைய தமிழில்தான் சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பனி ஆட்கள் ஊர் மைதானத்தில் விளையாடுவார்கள். ஷ்டெஃபானுக்கு அப்போது ஐம்பதை எட்டியிருக்கும். தொப்பை, வழுக்கை, வளையாத முழங்கால். நான் ஊரில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடியவன், மின்னல் என்று பெயர் எடுத்தவன். பந்தை எடுத்தால் கோட்டைத் தாண்டி வேலி வரைக்கும் ஓடிவிடுவேன், நிற்பதுதான் வராது. இந்தக் கிழவனுக்கு ஒரு பாடம் படிப்பிப்போம் என்று இறங்கினேன்.

அவர் ஓடவேயில்லை. பெனால்ட்டி எல்லைக்குப் பக்கத்தில், பஸ்சுக்குக் காத்திருப்பவர் மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். பந்து அவரிடம் வந்தது. எதிரணிக்காரர் இரண்டு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். காலைத் தூக்கினார். அடிக்கத்தான் தூக்கினார் என்று எல்லோரும் நினைத்தோம். பந்து அவருடைய கால்களுக்கிடையால் தன்பாட்டில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த குலம் அண்ணையிடம் போய்ச் சேர்ந்தது. வாழ்நாளில் கோலே போடாத குலம் அண்ணை, எதிரில் ஆள் இல்லாத அதிர்ச்சியில் அடித்து, அது உள்ளே போய்விட்டது. பாய்ந்த இரண்டு பேரும் புல்லில் கிடந்தார்கள். ஷ்டெஃபான் இடுப்பிலிருந்து கையை எடுத்திருக்கவில்லை.

ஆட்டத்தில் மட்டும் அவர் தன்னுடைய மொழிக்குப் போய்விடுவார். “ச்சாஸ்!” என்றால் நேரம் இருக்கிறது, அவசரப்படாதே. “நெஹாய்!” என்றால் விடு, தொடாதே. எனக்குத்தான் அதிகம் “நெஹாய்” விழும். பந்துக்குக் குறுக்கே போகும்போதெல்லாம் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும்.

அவருடைய கதை லொறிக்குள் துண்டு துண்டாக வந்தது. ஆற்றோரக் கிராமம், சீனி ஆலையில் வேலை செய்த தகப்பன், இராணுவச் சேவையில் இராணுவ அணி, பிறகு தலைநகரம். ஆள் கட்டை. ஆனால் பந்தைத் தலையால் அடிப்பதில் பேர்போனவராம். மற்றவர்களுக்கு முன்னமே எழும்பி, மேலே கொஞ்சம் காத்திருப்பாராம். “மேலே எப்படிக் காத்திருக்கிறது?” என்று கேட்டேன். “அவசரப்படாமல்” என்றார். அந்தக் காலத்துத் தோல்பந்து மழையில் ஊறினால் கல். அதை நெற்றியால் அடித்துவிட்டு, பாதி ஆட்டம் எந்தப் பக்கம் விளையாடுகிறோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறாராம். சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரித்தேன்.

ரஷ்யப் போர்த் தாங்கிகள் ஊருக்குள் வந்த வருடம் அவர் ஓஸ்திரியா வழியாக இங்கே வந்துவிட்டார். இங்கே ஒரு சின்னக் கழகத்துக்கு இரண்டு பருவம் ஆடினார், முழங்கால் போயிற்று. ஹன்னாவைக் கலியாணம் செய்தார். ஹன்னா இந்த ஊர்ப் பெண், பேக்கரியில் வேலை. பிள்ளைகள் இல்லை.

எல்லை திறந்தபிறகு ஒருமுறை அவர் தன் ஊருக்குப் போய்வந்தார். திரும்பி வந்த அன்று சோடாப் பெட்டிகளை இறக்கிக்கொண்டே சொன்னார். பழைய மைதானத்துக்குப் பக்கத்துச் சாராயக் கடையில் இளம் பெடியள் ஒரு கோலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்களாம். சேற்றில், தலையால், கடைசி நேரத்தில் போட்ட கோல். அது இவருடையது. அவர்கள் அதை இவரோடு ஆடிய இன்னொருவரின் பெயரில் சொன்னார்களாம். ஓடிப்போனவனின் பெயரை அந்த நாட்டில் அத்தனை வருடமும் யாரும் வாயில் எடுத்திருக்கவில்லை. கோல் மட்டும் மிஞ்சியது, அதற்கு ஒரு சொந்தக்காரன் தேவைப்பட்டிருக்கிறது.

“நீங்கள் சொல்லவில்லையா?”

“எதுக்கு? நல்லாத்தான் சொன்னாங்கள். எனக்கே பார்க்க வேணும்போல இருந்தது.”

பிறகு நான் வேறு வேலை, வேறு ஊர், கலியாணம், பிள்ளை என்று போய்விட்டேன். வருடத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். ஒருமுறை என் பெயரை மறந்து குலம் என்றார். அடுத்தமுறை டொச்சில் சொற்கள் அகப்படாமல் தடுமாறினார். வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பழைய பந்துகளைத் தலையால் அடித்ததுதான் காரணம் என்று ஒரு வைத்தியர் சொன்னாராம். இன்னொருவர் அப்படிச் சொல்லமுடியாது என்றாராம்.

ஒருநாள் ஹன்னா தொலைபேசியில் அழுதார். ஷ்டெஃபானை முதியோர் இல்லத்தில் சேர்த்தாயிற்று. டொச் முழுவதுமாகப் போய்விட்டது. ஸ்லோவாக் மட்டும்தான் பேசுகிறார், ஓயாமல் பேசுகிறார். “நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவனுடைய மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது. அவன் சொல்லித்தரவில்லை, நான் கேட்கவுமில்லை. நீ அவனோடு விளையாடினவன்தானே, வந்து என்ன சொல்லுகிறான் என்று கேள்.”

போனேன். என்னிடம் இருந்தது இரண்டு மூன்று மைதானச் சொற்கள். அதை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளனாகப் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தோட்டத்தில் ஒரு மர வாங்கில் இருந்தார்கள். ஹன்னா அவருடைய கையைப் பிடித்திருந்தார். ஷ்டெஃபான் என்னை அடையாளம் கண்டாரோ தெரியாது, மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அருகில் இருத்தினார். பேசத் தொடங்கினார். கெஞ்சுவதுபோல இருந்தது, பிறகு கோபம் போல, பிறகு யாரையோ விசாரிப்பதுபோல. கண் நிறையத் தண்ணீர். தாதிப் பெண் மொழிபெயர்க்கும் தொலைபேசியை அவர் வாயருகே பிடித்தாள். அது யோசித்து, “வாத்துகள் புல்லில் நிற்கின்றன” என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கிராமத்துப் பேச்சும் பல்லில்லாத வாயும் அதற்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் ஒரு சொல் காதில் விழுந்தது. நெஹாய். மறுபடியும் நெஹாய்.

“அது என்ன?” ஹன்னா கேட்டார்.

“விடு என்று அர்த்தம்.”

ஹன்னா தன் கையை எடுத்துவிட்டார். ஷ்டெஃபான் தன்னுடைய வெறுங்கையைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

நான் அவசரமாகச் சொன்னேன்: “அப்படியில்லை ஹன்னா. மைதானத்தில் அதற்கு வேறு அர்த்தம். நீ விடு, உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்று சொல்லுகிறது.” ஹன்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கையை மறுபடி வைத்தார். ஷ்டெஃபான் அதைப் பிடித்தார் என்றும் சொல்லமுடியாது, தள்ளினார் என்றும் சொல்லமுடியாது. நான் சொன்னது மொழிபெயர்ப்பா, ஆறுதலா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

“எங்களுக்கும் டொச் மறந்து போனால் என்னப்பா செய்யிறது? ஆர் வந்து தமிழில கதைக்கிறது?”

“பிள்ளை வருவாள்தானே.”

“ஓம், வருவாள். அவளுக்கு நான் சாப்பிட்டனோ எண்டு கேக்கத் தெரியும். வேற என்ன தெரியும்?”

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

ஷ்டெஃபான் அந்தப் பனிக்காலம் முடியுமுன் போய்விட்டார். அடக்கத்துக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஸ்லோவாக் பேசுகிறவர் ஒருவரும் இல்லை. ஹன்னா வடக்கே தங்கையிடம் போனார். கொஞ்சக் காலம் வாழ்த்து அட்டை வந்தது. குலம் அண்ணையும் இப்போது இல்லை, அந்த ஒரு கோலைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குடிபானக் கம்பனியை யாரோ வாங்கி மூடிவிட்டார்கள். மகள் இணையத்தில் ஷ்டெஃபானின் பெயரைத் தேடிப் பார்த்தாள். அதே பெயரில் ஒரு குழாய் திருத்துபவர் அகப்பட்டார்.

மருந்துக்கடையால் வந்த அன்று பின்னேரம் மகளோடு அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. மைதானம் இருந்த இடத்தில் பொதிகள் அனுப்பும் பெரிய களஞ்சியம். சன்னல் இல்லாத சாம்பல் சுவர். வீதியைக்கூட வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள். மகள் காரை ஓரமாக நிறுத்தினாள்.

“இதிலயா அப்பா விளையாடினனீங்கள்?”

“ஓம்.”

“கோல் எந்தப் பக்கம் இருந்தது?”

கையை நீட்டினேன். பிறகு, இல்லை என்று மற்றப் பக்கம் நீட்டினேன். சுவர்தான் இரண்டு பக்கமும். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். மகள் காரை எடுத்தாள்.