சித்தப்பா காட்டில் கறுப்புக் கற்கள்

கஞ்சமலை அடிவாரத்தில் கறுப்புக் கல் ஒன்றும் புதிதல்ல. மழைக்கு மழை மலையிலிருந்து உருண்டு வந்து காடெல்லாம் கிடக்கும். எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம். உழும்போது கலப்பையில் இடித்தால் எடுத்து ஓரமாக எறிவார்கள், அவ்வளவுதான் அந்தக் கல்லுக்கு இருந்த மரியாதை. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அது திடீரென்று கூடிப்போனது. இரும்புத் தாது தேடி ஜீப்பில் வந்த ஒரு ஆபீசர் பக்கத்து ஊரில் நாலைந்து கறுப்புக் கற்களைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு காட்டில் சிவப்புக் கொடி கட்டிய குச்சியை நட்டுவிட்டுப் போனார். கறுப்புக் கல் கிடக்கிற காட்டையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று பேச்சுக் கிளம்பியது. சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வருவார் என்றும் சொன்னார்கள்.

எங்களுக்கு இருந்தது இரண்டு ஏக்கர் செம்மண் காடு மட்டும். அம்மா சோறு இறங்காமல் தட்டைத் தள்ளிவைத்தாள். அப்பா விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் அதிகம் பேசாத பிள்ளை. பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வது உண்டு.

கல் இல்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரில் இருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடத்து மணலில் இழுத்தால் கறுப்புத் தூள் மீசை மீசையாக ஒட்டும். அதைப் பாவாடை நாடாவில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பள்ளி விட்டதும் காட்டுக்குப் போனேன். கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே கல் இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது. சில கற்களைக் காந்தம் டக்கென்று பிடித்தது. அவை கையளவே இருந்தாலும் தராசுப் படிக்கல்லாகக் கனத்தன. உடைந்த பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடியது. வேறு சில கற்களைக் காந்தம் கண்டுகொள்ளவே இல்லை. அவற்றை ஒன்றோடொன்று தேய்த்தால் செங்கல் பொடிபோலச் சிவப்பாக உதிர்ந்தது. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். காந்தம் பிடித்ததை மட்டும் நாலு நாளாகப் பாவாடையில் அள்ளிக் கீழ்ப்பக்க வேலிக்கு அப்பால் போட்டேன்.

வேலிக்கு அப்பால் சித்தப்பாவின் காடு. பாகம் பிரித்தபோது மேலே இருந்த செம்மண் அப்பாவுக்கும், கீழே வெளுத்துக் கிடந்த சுண்ணாம்புச் சுக்கான் மண் அவருக்கும் விழுந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. “செம்மண்ணு மூத்தவனுக்கு, சுண்ணாம்பு எனக்கு. வெத்தலைய மட்டும் காசு குடுத்து வாங்கிக்கோணும்” என்று வேலியோரம் நின்று எங்கள் மாட்டிடம் சொல்வார்.

கல்லைப் போட வேறு பக்கமும் இருந்தது. எடுத்தால் அவர் காட்டை எடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பத்து வயதில் அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை.

சனிக்கிழமை ஜீப் வந்தது. கண்ணாடி போட்ட, ஒல்லியான ஆபீசர். பேச்சு ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. எங்கள் காட்டில் மிச்சமிருந்த கல் ஒன்றை எடுத்துப் பளபளப்பில்லாத வெள்ளைப் பீங்கான் சில்லில் தேய்த்தார். சிவப்புக் கோடு விழுந்தது. “இதில்ல” என்று கல்லைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

வேலியைத் தாண்டியதும் என் கல் குவியல். ஒன்றை எடுத்துக் கையில் எடை பார்த்தார். சில்லில் தேய்த்தார். இந்தத் தடவை கரிக்கோடு.

“நல்ல கல்லாச்சே” என்றார். டிரைவர் கொடிக் குச்சியை எடுத்து வந்தார்.

சித்தி கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். “ஏனுங்க, இந்தக் காட்டையும் உட்டுப்போட்டு நாங்க எங்கீங்க போறது?”

“இன்னும் குச்சியே நடலம்மா, அதுக்குள்ள அழுவறியே” என்றார் டிரைவர்.

பின்னாலேயே வந்த சித்தப்பாவின் முகம் வெளுத்திருந்தது. “சோளமே மொளைக்காத மண்ணுங்க இது. இதுல இரும்பு எப்படீங்க மொளைக்கும்?”

ஆபீசர் குவியலை விட்டு விலகிக் காட்டின் நடுவுக்குப் போனார். பையிலிருந்து உள்ளங்கை அளவு திசைகாட்டி ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். “அடியில இரும்புக்கல்லு இருந்தா முள்ளு இழுக்கும். இல்லன்னா வடக்கப் பார்த்து நிக்கும்” என்றார்.

எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்பா வேலி வரைக்கும் வந்து, தாண்டாமல் நின்றார். நான் சித்தியின் அழுகையைக் கேட்டு வேலிச் சந்து வழியாக உள்ளே போயிருந்தேன். முள் நடுங்கியது, ஓய்ந்தது, வடக்கே நின்றது. நன்றாகப் பார்க்கலாம் என்று ஆபீசரின் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

முள் மெல்லத் திரும்பியது.

“இழுக்குது சார்!” என்று டிரைவர் கத்தினார். சித்தி குழந்தையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

என் இடுப்பில் காந்தம் இருப்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவிழ்த்துக் காட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவிழ்க்கவில்லை. ஓரடி பின்னால் வைத்தேன், முள் வடக்குக்குத் திரும்பியது. கால் தடுமாறி முன்னால் வந்தேன், முள்ளும் கூடவே வந்தது. ஆபீசர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இடுப்பில் புடைத்திருந்த வட்டத்தைப் பார்த்தார். செம்மண் கறை ஏறிய பாவாடையைப் பார்த்தார். சித்தப்பாவின் கண்ணும் அதே வழியில் வந்து அங்கேயே நின்றது.

“பாப்பா, பத்தடி தள்ளி நில்லு” என்றார் ஆபீசர்.

தள்ளி நின்றேன். முள் வடக்கே போய் நின்றது. பிறகு அசையவில்லை.

“அடியில ஒண்ணும் இல்லீங்க” என்றார். ஆனால் புறப்படவில்லை. குவியலுக்குத் திரும்பி ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். “உங்க மண்ணு வெள்ளை. கல்லுல ஒட்டியிருக்கிறது செம்மண்ணு. அடியில புல்லு இன்னும் பச்சையா இருக்கு. இது தானா உருண்டு வந்ததில்ல. யாரோ கொண்டாந்து போட்டது. எந்தக் காட்டிலிருந்து?”

வேலிக்கு மேலே செம்மண் காடு என்றால் எங்களுடையதுதான். வேலியைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். சித்தப்பா கையை நீட்டினால் போதும், கொடிக் குச்சி அந்தப் பக்கம் போய்விடும். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கை தலையைச் சொறிந்தது.

“நாந்தானுங்க எடுத்தாந்தேன். வரப்புக் கட்டறதுக்கு. மலைக்குப் போற தடத்துல கெடந்துதுங்க.”

“தடத்துல ஏது செம்மண்ணு?”

“அங்கயும் செம்மண்ணுதானுங்க.”

“வரப்பு எங்க?”

“இனிமேத்தானுங்க கட்டோணும்.”

டிரைவர் சிரித்துவிட்டார். ஆபீசர் சிரிக்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தார், தள்ளி நின்ற என்னைப் பார்த்தார், பீங்கான் சில்லைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

“உருண்டு கிடக்கிற கல்லுக்காக யாரும் காட்டை எடுக்க மாட்டாங்க. இது எங்க பாறையா நிக்குதுன்னு தேடித்தான் சுத்துறோம். அது மலையிலதான் நிக்குது.”

“அப்ப அந்தச் செவப்புக் கொடிங்க?” என்று சித்தி கேட்டாள்.

“நல்ல கல்லு கெடந்த எடத்துக்கு ஒரு அடையாளம்மா” என்றார் டிரைவர். “அதுக்கா இவ்வளவு?”

ஜீப் போன பிறகும் அப்பா வேலியருகே வெகுநேரம் நின்றார். சித்தப்பா என்னைக் கடந்து போகும்போது, “ஊட்டுக்குப் போ சாமி, வெயிலு” என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பெரிய நிம்மதி. சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, பயத்தில் வாய்க்கு வந்ததை உளறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கோள் சொன்னேன்: “சித்தப்பா பொய் சொல்லிட்டாரும்மா. ஆபீசர்கிட்டயே!”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னவரை ஏன் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.