யாரையும் கேட்காத கம்ப்யூட்டர்

அந்த மருத்துவமனையில் அவளைக் கம்ப்யூட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே இருக்கிற அறுபத்து நாலு கம்ப்யூட்டர்களையும் பதினோரு வருடமாகக் கட்டி மேய்க்கிறவள் அவள் ஒருத்திதான். கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வார்டுகளில் பேச்சு. வராமல் என்ன செய்யும்? பிளக்கைச் சொருகாமல் "உன் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்று மூன்று மாடி ஏற வைக்கிறவர்கள் நடுவில் யாரால் சாந்தமாக இருக்க முடியும்? லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர், அவள் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்திலேயே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வாயைத் திறந்தார். அதனால்தான் இந்தக் கதையே.

அன்று காலை பெண்கள் வார்டில் ஒரு நோயாளிக்கு அவசர ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அந்த முடிவு வார்டுக்கு வந்து சேரவே இல்லை. மோசமான முடிவென்றால் திரையில் சிவப்பாக மின்னும். மின்னவில்லையென்றால் நல்லதுதான் என்று நர்ஸ்களுக்கு ஒரு பழக்கம். மதியம் அந்தப் பெண்மணி மயங்கி விழுந்து, தீவிர சிகிச்சைக்குப் போய், மயிரிழையில் பிழைத்தார். உடனே யார் தலையை உருட்டலாம் என்று தேட ஆரம்பித்தார்கள். சிக்கியவர் லேப்காரர்.

இருபத்தாறு வருடமாக ரத்தக் குப்பிகளோடு குப்பை கொட்டுகிறவர் அவர். ஒன்பது பத்துக்கே அனுப்பிவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். மருத்துவமனை மேலாளர் நம்பவில்லை. மற்ற முடிவெல்லாம் ஒழுங்காக வந்திருக்கும்போது இது மட்டும் எப்படிக் காணாமல் போகும், அனுப்ப மறந்துவிட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்றார். மறுநாள் பத்து மணிக்கு விசாரணை. வேலை போவது கிட்டத்தட்ட முடிவான மாதிரிதான்.

லேப்காரர் கம்ப்யூட்டரம்மாவுக்குப் போன் செய்து, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். அவள் போகவில்லை. தன் அறையில் உட்கார்ந்தபடியே ஒரு சோதனை செய்துவிட்டு, "பெயர் சர்வர் சரியாக வேலை செய்கிறது, நெட்வொர்க்கில் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்துவிட்டாள்.

அது என்ன சர்வர் என்று கேட்பீர்கள். நமக்குப் பெயர் ஞாபகம் இருக்கும், கம்ப்யூட்டருக்கு எண்தான் புரியும். "ரிசல்ட் சர்வருக்கு அனுப்பு" என்றால், அந்தப் பெயருக்கு என்ன எண் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பெயர் சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமைதான் அவள் ரிசல்ட் சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றி, பெயர் சர்வரில் எண்ணையும் மாற்றியிருந்தாள். வார்டுத் திரைகள் புது மெஷினைத்தான் பார்க்கும் என்றாலும், பழைய மெஷினை ஒரு வாரம் அணைக்காமல் வைத்திருப்பது அவள் வழக்கம்.

சாயங்காலம் வீட்டில் இதையெல்லாம் சொல்லி, வேலையில் கோட்டை விட்டுவிட்டு நெட்வொர்க் மேல் பழி போடப் பார்க்கிறார் அந்த மனுஷன் என்று லேப்காரரைப் பொரிந்து தள்ளினாள். கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீ போய்ப் பாத்தியா?"

அவ்வளவுதான். என் வேலையை எனக்கே சொல்லித் தருகிறீர்களா என்று ஆரம்பித்தவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாள். ஆனால் காலை எட்டு மணிக்கு லேப் வாசலில் நின்றது அவள்தான். லேப்காரர் இன்னும் வந்திருக்கவில்லை.

வாசல் பக்கத்துக் கம்ப்யூட்டரில் எல்லாம் சரி. உள்ளறையில் இன்னொன்று உண்டு, அவசர ரத்தத்துக்கு மட்டும். அதில் உட்கார்ந்து ரிசல்ட் சர்வரைக் கூப்பிட்டாள். பழைய மெஷின் பதில் சொன்னது.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. ஒரு பெயருக்கு நேராக அதில் நாம் கையால் எண்ணை எழுதிவிட்டால், கம்ப்யூட்டர் அதைத்தான் பார்க்கும். பெயர் சர்வர் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடும். யாரையும் கேட்காது. திறந்து பார்த்தாள். பழைய எண் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. மேலே "தற்காலிகம்" என்று ஒரு குறிப்பு, மேலாளரின் பெயர், இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அன்றைக்குப் பெயர் சர்வர் அரை நாள் படுத்துவிட்டது. அவள் லீவில் இருந்தாள். ரெண்டே நிமிஷம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேலாளர் செய்த வைத்தியம் இது. அட பாவி மனுஷா! நீ வைத்த கண்ணியில் ஒருத்தி செத்துப் பிழைத்தாள். பழி மட்டும் இன்னொருவர் தலையில். பழைய மெஷினைத் திறந்தாள். அந்த வாரத்தின் முதல் அவசர ரத்த முடிவு, ஒன்பது பத்து என்ற நேரத்தோடு, பத்திரமாக அங்கே கிடந்தது. இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

விசாரணை அறையில் தலைமை டாக்டர், மேலாளர், எதிரே லேப்காரர். மேலாளர் அவள் எழுதிய தாளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாள் தப்பு சார்," என்றாள். "அண்ணன் அனுப்பினது உண்மை. ஒன்பது பத்துக்குப் போயிருக்கு. நீங்க எழுதின வரியால பழைய மெஷினுக்குப் போயிருக்கு."

இரண்டு அச்சுத் தாள்களையும் தலைமை டாக்டர் முன்னால் வைத்தாள். டாக்டர் தேதியைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், பிறகு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. மெதுவாகக் கேட்டார்.

"இந்த வரி அங்க இருக்குன்னு உனக்கு இதுக்கு முன்னாடி தெரியாதா?"

தெரியும். அதுதான் காலையிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்தது. லீவு முடிந்து வந்த அன்றே பார்த்தாள். அழிக்கட்டுமா என்று மேலாளரைக் கேட்டதற்கு, ஓடுவதை ஏன் நோண்டுகிறாய் என்றார். அவள் வாயே போதும் என்று ஊரே பயப்படும். அன்றைக்கு அந்த வாய் எங்கே போயிற்று? எப்படியோ போகட்டும், நாளைக்கு வெடித்தால் இவர்தானே பதில் சொல்ல வேண்டும் என்று வீம்புக்கு விட்டுவிட்டாள். பிறகு மறந்தும் போனாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இப்போது கூடத் தப்பித்துவிடலாம்.

"தெரியும் சார். நீங்க எழுதினீங்க, நான் பாத்துட்டு விட்டேன்."

தலைமை டாக்டர் அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். முதலில் மேலாளர் செய்தது, அதற்குக் கீழே தான் செய்தது, கடைசியில் கையெழுத்து. லேப்காரர் மேல் குற்றமில்லை, போகலாம் என்றார் டாக்டர். இவர்கள் இரண்டு பேரையும் என்ன செய்வது என்று பிறகு சொல்கிறேன் என்றார்.

வராந்தாவில் அவள் லேப்காரரைப் பிடித்து, மன்னிச்சிடுங்கண்ணே என்றாள். அவர் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தேவலை.

"மேலாளர் என்னைக்கும்மா என்னை நம்பியிருக்கார்? அது எனக்குப் பழகிப்போச்சு," என்றார். "நீயும் நம்பலையே."

லேப்பில் காலை ரத்தம் காத்துக்கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போனார்.