பின்சீட்டு இல்லாத வண்டி

சிங்காரம் பஸ் ஓட்டிய முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு கோழிகூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை. மற்ற டிரைவர்களாக இருந்தால் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சிங்காரத்தின் எதிரில் யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கிப்போகும்.

காரணம் ஒரு பழைய கதை. அவர் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். திருத்தணியிலிருந்து திருப்பதி போகிற வண்டி. நகரி தாண்டி ஒரு வளைவில் கல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. சிங்காரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். லாரிக்காரன் வழிவிடவில்லை. வளைவிலேயே ஏறி முந்தினார். எதிரில் ஒரு ஜீப். லாரிக்கும் ஜீப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் பஸ்ஸை விட்டு எடுத்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஜீப்பில் வந்தவர் பஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு நேரே டிப்போவுக்குப் போய்விட்டார். சிங்காரத்துக்கு மெமோ வந்தது, ஒரு மாசம் சஸ்பெண்ட். திரும்பி வந்த அன்றைக்கு மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வார்த்தைதான்.

“காலை அடக்கு.”

அடக்கினார். அப்போது அவர் மனைவி சுலோச்சனா நிறைமாத கர்ப்பிணி. வேலை போனால் சொந்த ஊரான கே.ஜி.கண்டிகையில் அடுத்தவர் வயலில் கூலிக்குத்தான் போக வேண்டும். அவருடைய நைனா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து அறுபது வயது வரைக்கும் சிங்காரத்தின் பஸ் ஒரே சீராகப் போய் ஒரே சீராக வந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடக்கும்போது ஸ்பெஷல் பஸ் எடுக்க மற்றவர்கள் தயங்குவார்கள், மேனேஜர் சிங்காரத்தைத்தான் அனுப்புவார். இருபத்தைந்து வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு மெடல் கொடுத்தார்கள். அதை அவர் பீரோவில் சுலோச்சனாவின் பழைய புடவைகளுக்கு அடியில் வைத்தார். வெளியே எடுக்கவே இல்லை.

வருஷங்கள் போகப் போக அந்த ஒரு சாண் இடைவெளி அவர் மனசுக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. அவரோடு பத்தொன்பது வருஷம் கண்டக்டராக வந்த டில்லிபாபு இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சிங்காரம் ஆரம்பிப்பார்.

“பயந்தவனா இருந்தா அன்னிக்கி அந்த சந்துல வண்டிய எடுத்திருக்க முடியுமாடா? நம்ம கைக்கு இருக்கற வேலையே வேற. கட்டிப் போட்டுட்டானுங்க.”

“ஆங்ணா, அது தெரியாதா,” என்பான் டில்லிபாபு.

ரிட்டயர் ஆன வருஷம் சிங்காரம் யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். சென்னையில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டார். மஞ்சள் நிறம். ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் வண்டி. டாக்டர் அதில் எதையும் மாற்றியிருக்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்தது எப்படியோ அப்படியே இருந்தது. கண்டிகை ஸ்பீடு பிரேக்கர்களில் அதன் அடிவயிறு உரசுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

சுலோச்சனா வாசலில் நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“புள்ளைங்க வந்தா எங்க உக்கார வெப்பீங்க?”

“இதுல ரெண்டு பேர்தான்.”

“அப்ப நீங்களும் நானுமா?”

“நீ வரியா?”

“இவ்ளோ பள்ளத்துல எறங்கி உக்காந்தா நான் எழுந்திருக்க வேணாமா,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

போன வருஷம் தை மாசம் டில்லிபாபு செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான். அரக்கோணம் போகிற ரோட்டில் மூடிக் கிடக்கும் ஒரு ஆலையின் பெரிய சிமெண்ட் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கார் போட்டி வைக்கிறார்கள். ஆட்டோகிராஸ் என்று பேர். ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து அடுக்கி வழி போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். யாரையும் முந்த வேண்டியதில்லை, கடிகாரத்தோடுதான் போட்டி. கோனைத் தட்டினால் ஒன்றுக்கு ரெண்டு செகண்டு கூட்டிவிடுவார்கள். வழி தவறினால் அந்த ரன் கணக்கில் வராது. ஆளுக்கு மூன்று ரன். எதுவும் மாற்றாத வண்டிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

“உனக்குன்னே வெச்ச மாதிரி இருக்குணா,” என்றான் டில்லிபாபு. அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ரெண்டு பேரும் அங்கே போய்விட்டார்கள். முப்பத்தொரு வண்டிகள் வந்திருந்தன. வந்தவர்கள் எல்லாம் இருபது, முப்பது வயதுக்காரர்கள். “அங்கிள், செம வண்டி!” என்று சிங்காரத்தைச் சுற்றிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். விண்ணப்பத்தில் தொழில் என்று ஒரு இடம் இருந்தது. பஸ் டிரைவர் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. ஓய்வு என்று மட்டும் எழுதினார். அதை எழுதும்போது உள்ளுக்குள் ஒரு குறும்புகூட இருந்தது. ஓட்டிக் காட்டிய பிறகு யாரென்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யுவஸ்ரீ என்று ஒரு பெண் இருந்தாள். அரக்கோணத்துக்காரி, இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வண்டிக்குள் உருளும்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, டேஷ்போர்டில் இருந்த சின்ன முருகன் சிலையை எடுத்து டில்லிபாபு கையில் கொடுத்தாள். டயரில் காற்றைப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் வழி நெடுக நடத்திக் கூட்டிப்போனாள்.

“கோனைப் பாக்காதீங்க. அடுத்து எங்க போவணுமோ அங்க பாருங்க,” என்றாள்.

இவளா நமக்கு ரோடு காட்டுவது என்று சிங்காரம் பாதியிலேயே திரும்பி வந்து நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் ரன்னில் அதற்கான பலன் கிடைத்தது. கொடி விழுந்ததும் கிளப்பினார். நடந்து பார்த்தபோது வழியாகத் தெரிந்தது, சீட்டில் தாழ உட்கார்ந்து பார்க்கும்போது வெறும் ஆரஞ்சுக் காடாக இருந்தது. பஸ்ஸில் உயரத்திலிருந்து ரோட்டைக் கீழே பார்த்தே பழகிய கண். மூன்றாவது திருப்பத்தில் எந்தப் பக்கம் என்று புரியாமல் வண்டியை நிறுத்தியே விட்டார். ஒரு பையன் ஓடிவந்து கையைக் காட்டி வெளியே போகச் சொன்னான். ரன் கணக்கில் இல்லை.

“மொத தபா எல்லாருக்கும் அப்டித்தாணா,” என்றான் டில்லிபாபு. அவன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரெண்டாவது ரன்னுக்கு முன்னால் சிங்காரம் தனியாகப் போய் வழியை ரெண்டு முறை நடந்தார். மனப்பாடம் செய்துகொண்டார். இந்தத் தடவை தவறவில்லை, ஒரு கோனையும் தட்டவில்லை. டயர் கீச்சிடுகிற சத்தம் கேட்டது. தான் பறப்பதாகவே அவருக்குத் தோன்றியது. வெளியே வந்து சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினார். போர்டில் எழுதியிருந்தார்கள்: அறுபத்தெட்டு செகண்டு. அவர் பிரிவில் மற்றவர்கள் எல்லாம் ஐம்பத்து மூன்றுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருந்தார்கள். அப்பாவின் பழைய காரைக் கொண்டுவந்திருந்த ஒரு காலேஜ் பையன் ஐம்பத்தெட்டு.

“கடிகாரத்தச் சரியா பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்த்ததாகச் சொன்னார்கள்.

மூன்றாவது ரன்னில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். ஒரு செகண்டு குறைந்தது. ஒரு கோன் விழுந்ததால் ரெண்டு செகண்டு கூடியது. போட்டி முடிந்து பட்டியல் ஒட்டியபோது சிங்காரத்தின் பேர் முப்பதாவது இடத்தில் இருந்தது. முப்பத்தோராவது ஆளின் வண்டி முதல் ரன்னிலேயே கிளட்ச் போய் நின்றுவிட்டிருந்தது.

அத்தோடு கிளம்பியிருந்தால்கூட அவருக்கு ஒரு பிடி மிச்சம் இருந்திருக்கும். அவர் கிளம்பவில்லை. யுவஸ்ரீயிடம் போனார்.

“இன்னாம்மா, இந்த வண்டி இதுக்குத் தோதுப்படாது போலிருக்கே. டயர்லாம் பழசு. இத வெச்சிகினு யாரு ஓட்டினாலும் இவ்ளோதான் வரும்.”

அவள் வண்டியைப் பார்த்தாள். “ஒரு ரவுண்டு நான் எடுத்துப் பாக்கட்டுமா சார்? நீங்க பக்கத்துல உக்காருங்க.”

சாவியைக் கொடுத்தார். தன் வண்டியில் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. கொடி விழுந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதையும் அவரால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. கோன்கள் ஜன்னலை ஒட்டி ஓடின. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் போச்சு, போச்சு என்று அவர் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அவர் அழுத்தி வெகு நேரம் கழித்துத்தான் அவள் பிரேக்கைத் தொட்டாள். வண்டி மூக்கைக் கீழே இறக்கி, திரும்பி, மறுபடி பாய்ந்தது. நின்றபோது அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தார்.

ஐம்பத்து மூன்று செகண்டு.

“நல்ல வண்டி சார்! ஒரு கொறையும் இல்ல,” என்றாள் யுவஸ்ரீ. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே சொன்னாள். “நீங்கதான் வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் புடிச்சுடறீங்க. பின்னாடி ஒரு ஐம்பது பேர் நின்னுகினு வராங்கன்ற மாதிரி ஓட்டறீங்க சார்.”

அவளுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த டில்லிபாபுவுக்குத் தெரியும். அவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். அவன் சிரித்தானா, சங்கடப்பட்டானா என்பது சிங்காரத்துக்குத் தெரியாது. சிரித்ததாகவே அவர் முடிவு செய்தார்.

வரும் வழியில் அரக்கோணம் ரோட்டில் காலியாகக் கிடந்த ஒரு நேர்ப்பாதையில் பின்னால் வந்த மினி லாரிக்குச் சிங்காரம் ஒதுங்கி வழிவிட்டார். விட்ட பிறகுதான் அது அவர் மனசில் உறைத்தது. இடது பக்கம் ஒதுங்க யாரும் சொல்லவில்லை. மேனேஜர் இல்லை, மெமோ இல்லை, பஸ்ஸும் இல்லை. காலும் கையும் தானாகவே செய்தன. வேறு ஒருவன் உள்ளே கட்டிக் கிடக்கிறான், அவிழ்த்துவிட்டால் போதும் என்றுதானே இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே யாரும் இல்லை. அன்றைக்கு நகரி வளைவில் நடந்ததுகூடத் தன் கை வேலைதானா, ஜீப்காரன் ஒடித்துத் திருப்பினானா என்று முதல் முறையாகச் சந்தேகம் வந்தது. அவர் எத்தனை யோசித்தும் ஜீப் எந்தப் பக்கம் போனது என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநாள் டிப்போ வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்துவிட்டது. டில்லிபாபு நல்ல எண்ணத்தில்தான் போட்டிருந்தான். அறுபத்தோரு வயசில் நம்ம அண்ணன் ரேஸ் ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தான். கீழே வந்ததெல்லாம் வேறு மாதிரி. வண்டி மெதுவாக வளைகிற இடத்துக்கு ஒருத்தன், ‘நகரி ஒரு டிக்கெட்’ என்று எழுதினான். இன்னொருத்தன், ‘ரைட், போலாம்’ என்றான். நாற்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். சிங்காரம் குரூப்பிலிருந்து வெளியே வந்தார். டில்லிபாபு நாலு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை.

ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துவிட்டு, சுலோச்சனா தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“இப்ப இன்னா ஆயிடுச்சு? மெதுவா ஓட்டினீங்க, அவ்ளோதானே. நீங்க மெதுவா ஓட்டினதாலதான் முப்பது வருஷம் நான் வவுத்துல பயமில்லாம படுத்துத் தூங்கினேன். உங்க கூட வேலை செஞ்ச வீராசாமி வேகமாத்தான் ஓட்டினார். அவர் பொண்டாட்டிய போய்க் கேளுங்க.”

அதைவிட நல்ல வார்த்தையை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. அவளுக்கும் அதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சிங்காரத்தின் காதில் அது மெதுவா என்ற ஒரு சொல்லாக மட்டும்தான் விழுந்தது.

“உனக்கு இன்னாடி தெரியும் வண்டியப் பத்தி,” என்றார்.

அவள் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சித்திரையில் புத்தூரிலிருந்து ஒருவர் காரைப் பார்க்க வந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். சீட்டைத் தட்டிப் பார்த்தார், பானெட்டைத் திறந்து பார்த்தார்.

“ஏன் குடுத்துடறீங்க?”

“எடம் இல்ல,” என்றார் சிங்காரம்.

“எவ்ளோ ஸ்பீடு போவுது சார்?”

சிங்காரம் சாவியை எடுத்து நீட்டினார். “எனக்குத் தெரியாது. நீங்களே ஓட்டிப் பாத்துக்கோங்க,” என்றார்.

வண்டி போன பிறகு வாசலில் நாலு சக்கரத் தடம் ஒரு மழை வரைக்கும் இருந்தது. டில்லிபாபு இப்போதும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறான். சிங்காரம் ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கிற கடைக்குப் போகிறார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. ஒருநாள் டீ ஆற்றுகிறவர் பேச்சுக்காக, “சாருக்கு இன்னா வேலை?” என்று கேட்டார்.

“வயல் வேலை,” என்றார் சிங்காரம்.