கீழிருந்து வரவேண்டிய எண்

செய்தி வந்தபோது என் கிரேன் கொக்கியில் இரும்புத் தகடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே சரக்குக்குப் பெல்ட் மாட்டும் சுடலை போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தான். "மீரான் அண்ணாச்சி, பைய இறக்குங்க. கோமதியக்கா போயிட்டாவ" என்றான். தகடுகளை இறக்கி, பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, கிரேன் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். சுமை அந்தரத்தில் இருக்கும்போது வேறு எதையும் நினைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அவளை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பேட்டை இரும்புக் கிடங்கில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவள் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு மேற்பார்வை அவள் பொறுப்பு. டேப்பால் அளந்து, எடையைக் கணக்குப் போட்டுக் கீழிருந்து கத்துவாள், நான் தூக்குவேன். கொஞ்சம் தாமதித்தால், "மேல ஒக்காந்து ஒறங்குதீங்களா அண்ணாச்சி?" என்பாள்.

உருண்டைக் கம்பிக்கு ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நூற்று அறுபத்திரண்டால் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். ஒரு நாள் காலை முழுக்க உருண்டைக் கம்பிகள்தான் வந்தன. பிறகு வந்தவை சதுரக் கம்பிகள்: நூறு மில்லிமீட்டர் கனம், ஆறு மீட்டர் நீளம், ஐந்து கம்பி. பழக்க தோஷத்தில் கோமதி அதே எண்ணால் வகுத்து, "ஆயிரத்து எண்ணூத்தம்பது" என்றாள். பெல்ட் தாங்குவது இரண்டு டன். சுமை தரையை விட்டதும் மோட்டார் முனகிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன்.

"தங்கச்சி, இது சதுரம்லா!"

சதுரத்துக்கு நான்கு மூலையிலும் இரும்பு அதிகம். உண்மையான எடை இரண்டு டன்னைத் தாண்டி முன்னூற்றைம்பது கிலோ. கம்பிகளைத் திருப்பிவிட சுடலை அவற்றுக்கடியில் கையை நீட்டியிருந்தான்.

"ஏலே சுடல, வெளிய வாலே!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் துள்ளி விலகினான். நான் இறக்கினேன். பெல்ட் அறவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோமதி அந்தக் கம்பிகள் மேல் உட்கார்ந்து, சுடலை நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வந்து, "இனிமே நீங்க முதல்ல சொல்லுங்க அண்ணாச்சி. நான் என் கணக்க அப்புறம் சொல்லுதேன். ஒருத்தர் சொன்னது காதுல விழுந்துட்டா அடுத்தவரு கணக்கு செத்துரும்" என்றாள். அதன் பிறகு, அளவைக் கீழிருந்து சொல்வாள். நான் எடையைச் சொல்வேன். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் அவள் எண் வரும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கொக்கி எழும்.

நோய் அவளை அரித்துத் தின்றதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்க வரவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். கருப்பந்துறைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது, முன்பக்கம் சுடலையும் நானும் தோள் கொடுத்தோம். பாடையின் பச்சை மூங்கில் தோளில் அழுந்தியதும் பாழாய்ப்போன மனது தன் தொழிலைத் தொடங்கிவிட்டது. என் தோளுக்கு வந்ததை நான்கால் பெருக்கியது, மூங்கிலைக் கழித்தது. வந்த எண்ணை என்னையறியாமல் முணுமுணுத்துவிட்டேன். முணுமுணுத்துவிட்டுக் காத்தும் நின்றேன். "நடங்க அண்ணாச்சி" என்று சுடலை அழுதுகொண்டே சொன்னான்.

புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளர் எடையை முதலில் சொல்லிவிடுகிறார். "சொல்லாதேயும்வே, நான் சொன்னப்புறம் சொல்லும்" என்று அவரிடம் தினமும் சண்டை பிடிக்கிறேன். கோமதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் எண்ணுக்கும் அவள் எண்ணுக்கும் நடுவில் இருந்த அந்தச் சத்தமில்லாத நேரம்தான். கேபினில் உட்கார்ந்திருக்கும்போது அது தானாக வந்துவிடுகிறது. அன்று தோளில் வைத்துப் போட்ட கணக்கு தப்பு, அவ்வளவு குறைவாக இருந்திருக்க முடியாது என்று அவள் கீழிருந்து கத்த வேண்டும். நான் இன்னும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.