கட்டிலுக்கடியில் இருந்த பெயர்ப்பெட்டி

அந்தப் பெயரைப் பிடுங்கியது நான்தான். இயந்திரம் அல்ல, மின்வெட்டு அல்ல, கடற்காற்று அல்ல... நான். மானிப்பாயில் என் அறையில், கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் ஒரு வீட்டின் பெயரை எடுத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தேன். பிறகு, பெயரை இழந்த பெண்ணின் முற்றத்திலேயே நின்று, பிழை அவருடையது என்று சொன்னேன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். காரணங்களைத் தொடங்கினால் நீங்கள் என்னை மன்னித்துவிடக்கூடும். காரணங்கள் என்னிடம் ஏராளம்!

எல்லாம் ஒரு புயலில் தொடங்கியது. தொலைபேசிக் கோபுரங்கள் செத்துக் கிடந்த நாட்கள். கம்பஸில் என்னோடு படிக்கும் டிலக்சனைப் பார்க்க, மீனவர்கள் வாழும் குருநகருக்குப் போயிருந்தேன். மழை சற்று விட்டிருந்தது. ஒரு மாடிவீட்டின் மேலிருந்து ஒருவர் கைகளை வாயருகே குவித்துக் கூவினார்: "ஸ்ரெல்லா கரைக்கு வந்திட்டுது!" எதிர்க்கூரையில் நின்றவர் அதை வாங்கி அடுத்த ஒழுங்கைக்குக் கூவினார். அங்கிருந்து இன்னொரு கூரை. கடைசியில், ஒரு வீட்டு வாசற்படலையடியில் செபமாலையோடு நின்ற பெண் தலையிலிருந்த துணியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவர்தான் றெஜினா அக்கா. ஸ்ரெல்லா என்பது அவருடைய கணவர் போன வள்ளம்.

நான் நனைந்துகொண்டு நின்றேன். உடம்பு சிலிர்த்தது. கோபுரம் எதற்கு? கொழும்பிலிருக்கும் எவனோ ஒருவனின் தயவு எதற்கு? கூரைக்குக் கூரை ஒரு சின்ன வானொலிப் பெட்டி... செய்தி கூரைகளில் தாவித் தாவிப் போகும்! நடுவில் எவரும் இல்லை. எவரும் நிறுத்த முடியாது!

அன்று எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி உண்மையானது. அதை மட்டும் நான் இன்றுவரை சந்தேகிக்கவில்லை.

பெட்டிகளை நானும் டிலக்சனும் செய்து, ஒன்றோடொன்று பேசும் வலையாக்கினோம். கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டி விளக்கினோம். "இதுக்கு முதலாளி இல்லை. எல்லாப் பெட்டியும் சமன். ஒருத்தராலும் நிப்பாட்டேலாது" என்றேன்.

"முதலாளி இல்லாட்டி, பழுதாப் போனா ஆரைப் பிடிச்சு அடிக்கிறது தம்பி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் இப்போது வாய் கசக்கிறது.

பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. எழுத்தும் இலக்கமும் கலந்த, வாயில் நுழையாத நீண்ட முகவரி. அதை யார் மனப்பாடம் செய்வது? ஆகவே பெயர் வேண்டியிருந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஒரு பெட்டி என்று விதி வைத்தேன். மனிதர்களின் பெயரைத் தருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ வள்ளங்களின் பெயரைத் தந்தார்கள். ஒரே ஒழுங்கையில் எத்தனை அந்தோனி, எத்தனை றெஜினா! அங்கே ஆட்களை வள்ளத்தைச் சொல்லித்தான் பிரித்தறிவார்கள். ஸ்ரெல்லா றெஜினா என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும்.

நான் பயிர் செய்கிற தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. பெயர் என்றால் ஓர் ஆள், ஓர் அடையாளம் என்றுதான் என் மூளை படித்திருந்தது. வள்ளத்தின் பெயர் ஒரு குடும்பம் முழுவதன் மேலும் படர்ந்து கிடக்கும், குடும்பம் உடைந்தாலும் எல்லார் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

இந்தப் பெயர்களை எல்லாம் எங்கே வைத்தேன் தெரியுமா? என் கட்டிலுக்கடியில்! பழைய கணினி ஒன்று, தூசு படிந்து, இரவும் பகலும் முனகிக்கொண்டு கிடந்தது. வலையில் எந்தப் பெட்டி யாரைத் தேடினாலும் முதலில் அதனிடம்தான் கேட்கும்: ஸ்ரெல்லா யார்? அது சொல்லும் வீட்டுக்குத்தான் செய்தி போகும். அதன் கடவுச்சொல் எனக்கு மட்டுமே தெரியும்.

டிலக்சன் ஒருமுறை கேட்டான். "எல்லாம் சமன் எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டு, பேரை மட்டும் உன்ரை கட்டிலுக்குக் கீழை வச்சிருக்கிறாய். என்ன மச்சான் உது?"

"கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு மாத்துவம்" என்றேன்.

அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. வேலை அதிகம் என்பது பொய். உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அது பிடித்திருந்தது. பெயர் கேட்டு மனிதர்கள் என்னிடம் வந்தார்கள். கரையில் தலைநரைத்தவர்கள்கூட "தம்பி, எங்கடை பேரைப் போட்டுவிட்டியளோ?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். முதலாளி இல்லை என்று சொன்ன இடத்தில் நான் சத்தமில்லாமல் முதலாளியாகியிருந்தேன்...

பிறகு ஸ்ரெல்லாவில் சண்டை வந்தது.

வள்ளம் இரண்டு சகோதரர்களுக்குச் சொந்தம். மூத்தவர் பீற்றர் அண்ணை. இளையவர் இமானுவேல் அண்ணை, றெஜினா அக்காவின் கணவர். ஸ்ரெல்லா என்பது அவர்களுடைய தாயின் பெயர். சகோதரர்கள் முறித்துக்கொண்டபோது வள்ளம் மூத்தவருக்குப் போனது. இளையவர் பெயரெழுதாத சின்ன வள்ளமொன்றில் பழைய எஞ்சினைப் பூட்டி, ஆழமில்லாத களங்கடலுக்குப் போய்வந்தார். ஆனால் வலையில் ‘ஸ்ரெல்லா’ என்ற பெயர் றெஜினா அக்காவின் பெட்டியிலேயே இருந்தது. கணவர் கடலில் இருக்கும் நேரமெல்லாம் அக்கா அந்தப் பெட்டியைக் குசினி யன்னலில் வைத்துக்கொண்டுதான் சமைப்பார்.

பீற்றர் அண்ணை என் வீட்டுக்கே வந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"வள்ளம் என்னட்டை. பேர் அங்கை. இது என்ன ஞாயம் தம்பி?"

"ரெண்டு பேருக்கும் வேறை வேறை பேர் போடுவம் அண்ணை. பெரிய ஸ்ரெல்லா, சின்ன ஸ்ரெல்லா..."

"எங்கடை அம்மா என்ன நண்டே, பெரிசு சின்னன் எண்டு பிரிக்க?" அவர் எழுந்துவிட்டார். "ஏலாதெண்டால் சொல்லு. என்ரை மாடியிலை நிக்கிற உன்ரை கம்பத்தைக் கழட்டிக்கொண்டு போ."

அவருடைய மாடிதான் அந்தக் கரையிலேயே உயரமானது. அங்கே நாங்கள் நட்டிருந்த அன்ரனாக் கம்பம் இல்லையென்றால் வலையில் பாதி ஊமையாகிவிடும். அடுத்த வாரம் கம்பஸுக்கு வெளியிலிருந்து ஆட்கள் எங்கள் வலையைப் பார்க்க வருவதாக இருந்தது. நான் மேடையில் பேசவேண்டியிருந்தது.

நான் ஒரு வரியை அழித்து ஒரு வரியை எழுதினேன்; ஸ்ரெல்லா பீற்றர் அண்ணையின் பெட்டிக்குப் போனது. அவ்வளவுதான்! ஞாயிற்றுக்கிழமை போய் அக்காவிடம் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு வருமுன் இமானுவேல் அண்ணையின் எஞ்சின் கடலில் நின்றது.

உப்புத்தண்ணி பட்டுவிடும் என்று அவர் கைத்தொலைபேசியைக் கொண்டுபோவதில்லை. நான் கொடுத்த, வலையோடு பேசும் சின்னக் கருவி மட்டும்தான். "இது ஒண்டே காணும் அண்ணை, பயப்பிடாதையுங்கோ" என்று சொல்லிக் கொடுத்தவனும் நானே. அவர் ஸ்ரெல்லாவுக்கு எழுதினார்: எஞ்சின் நிண்டிட்டுது, ஆரையும் அனுப்பு. கருவி ‘கிடைத்தது’ என்று காட்டியது. ஆம், கிடைத்ததுதான்... பீற்றர் அண்ணையின் பூட்டிய வீட்டில் இருந்த பெட்டிக்கு! அவர் அன்று எஞ்சின் ஒன்று பார்க்கப் பருத்தித்துறைக்குப் போயிருந்தார்.

காலையிலிருந்து பின்னேரம் வரை அந்த மனிதர் வெயிலில் மிதந்தார். கொண்டுபோன தண்ணீர் முடிந்தது. கடைசியில் வேறொரு வள்ளம் கண்டு, கட்டி இழுத்துவந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். இமானுவேல் அண்ணை முற்றத்தில் கதிரையில் இருந்தார். முகம் கறுத்து, உதடுகள் வெடித்திருந்தன. படலையில் அயலவர்கள் கூடியிருந்தார்கள். றெஜினா அக்கா குசினி வாசலில் நின்றார்.

"கிடைச்சுதெண்டு காட்டினது தம்பி! நான் எத்தினை தரம் அனுப்பினனான்! எல்லாம் கிடைச்சிருக்கு" என்றார் அவர். "விடியவே இவ என்ன சொன்னவ தெரியுமோ? உந்த ஓட்டை எஞ்சினோடை போய்க் கடலிலை கிட, அப்பதான் புத்தி வரும் எண்டவ."

"கோவத்திலை ஆயிரம் சொல்லுவன். அதுக்காக உங்களைக் கடலிலை விட்டிட்டு இருப்பனோ? ஒரு சத்தமும் வரேல்லை. மாதாவாணை வரேல்லை!"

"அப்ப இவன் செய்த பெட்டி பொய் சொல்லுதோ?" அவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சனி. நீ சொல்லு தம்பி. வலை பிழையோ, இவ பிழையோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் போதும். நான் பெயரை மாற்றினேன் அண்ணை. அது தொண்டைவரை வந்தது. சத்தியமாக வந்தது! ஆனால் அதைச் சொன்னால்... பெயர் யார் கையில் இருக்கிறது என்று கேட்பார்கள். கட்டிலுக்கடியில் கிடப்பது வெளியே வரும். மேடை, வருகிறவர்கள், நான்...

"வலையிலை பிழை வராது அண்ணை" என்றேன். "அக்கா தெரியாமல் ஏதும் பட்டனை அமத்தியிருக்கலாம்."

றெஜினா அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். என் மேல் அவருக்குச் சந்தேகம் வந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லித் தப்பியிருப்பேன். வரவில்லை. தன் கைகளைத்தான் பார்த்தார்.

"அப்ப நான்தான் எதையோ அமத்திப் போட்டன் போலை... எனக்கு உதுகள் எங்கை விளங்குது" என்றார். பிறகு உள்ளே போய் எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். குடித்தேன். குடித்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

அன்று இரவு பீற்றர் அண்ணை என்னை அழைத்தார். வீட்டைத் திறந்தபோது பெட்டியில் தம்பியின் செய்திகளைக் கண்டிருக்கிறார். "தம்பி... இது எங்கள் ரெண்டு பேருக்குள்ளையும் இருக்கட்டும்." "ஓம் அண்ணை" என்றேன். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

றெஜினா அக்கா பெட்டியைக் கழற்றி, உப்பைத் துடைத்து, ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்துவிட்டார். "புதுப் பேர் ஒண்டு போட்டுத் தாறன் அக்கா" என்றேன். "வேண்டாம் தம்பி. பிறகும் பிழைவிட்டனெண்டால் அந்த மனுசன் உயிரோடை வராது" என்றார்.

மேடையில் நன்றாகப் பேசினேன். எங்கள் வலைக்கு மையம் இல்லை என்றேன். கை தட்டினார்கள்.

இப்போது கரையில் அது ஒரு பகிடியாகிவிட்டது. யாராவது கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காவிட்டால், "என்னப்பா, றெஜினாவுக்குக் கிடைச்ச மாதிரியோ?" என்கிறார்கள். இமானுவேல் அண்ணையும் சிரிக்கிறார். அக்காவும் சேர்ந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் போய்விடுவேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. நித்திரை கெட்டதால் வரும் களைப்பல்ல. கேட்கிறவர்களுக்கெல்லாம் "இதுக்குத் தலைமை இல்லை" என்று சொல்லிச் சொல்லி வந்த களைப்பு. கம்பஸில் புதிய பிள்ளைகள் கண் மின்னக் கேட்கிறார்கள். புயலில் நின்ற என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. அவர்களிடம் என்ன சொல்வது?

புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி நடுவில் பெயர்கள் இருக்கப்போவதில்லை. அவரவர் பெட்டியில் அவரவர் வைத்துக்கொள்ளும் பெயர். இரண்டு வீடு ஸ்ரெல்லா என்றால் இரண்டும் ஸ்ரெல்லாதான். எந்த ஸ்ரெல்லா என்பது கூப்பிடுகிறவருக்குத் தெரியும். அன்று கூரையில் நின்று கூவியவருக்குத் தெரியாதா என்ன?

ஆனால் அதற்குமுன் பழைய பெட்டியை நிறுத்தவேண்டும். வருகிற ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில் நிறுத்தப்போகிறேன். அன்று எவரும் கடலுக்குப் போகமாட்டார்கள். ஆபத்தில்லை. வலை ஊமையாகும். என்ன நடந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். அப்போது குருநகருக்குப் போய், அதே முற்றத்தில், அதே அயலவர்கள் கேட்க, இமானுவேல் அண்ணைக்குச் சொல்லவேண்டும்: அக்கா எதையும் அமத்தவில்லை.

சொன்னால் மட்டும்? அவர் கடலில் கிடந்த பகலும், அக்கா தன் கைகளைப் பார்த்த பார்வையும் திரும்பி எங்கே போகும்?

வயரைப் பிடுங்குவேன், அது நிச்சயம். அது என் கட்டிலுக்கடியில்தான் இருக்கிறது. அந்தப் படலையைத் திறப்பேனா என்பதைத்தான்... இதை வாசிக்கும் உங்களுக்கு இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.