துரையின் முதுகு

நசுங்கிய காரை நிமிர்த்தித் தரும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஒடுக்கு இருந்த இடம் எது என்று வண்டிக்காரரே விரல் வைத்துச் சொல்ல முடியாதபடி செய்கிற ஆள் ஒருவர்தான். அது தான்தான் என்று பெயிண்டரே எல்லோரிடமும் சொல்லுவார். பொய்யில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, உப்புத்தாளைத் தேய்த்துத் தேய்த்தே மாடிவீடு கட்டியவர் கொஞ்சம் மார்தட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படிப்பட்டவர், வந்த வண்டிகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரு முழ நீளப் பொம்மைக் குதிரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அக்காவுக்காக. சின்ன வயதில் அப்பாவின் தண்ணீர் வண்டியை ஒரு மட்டக்குதிரை இழுத்தது. வெயில் ஏறாமல் எழுந்திருக்காது என்பதால் அதற்குத் துரை என்று பெயர். அக்காவுக்கு அது உயிர். இப்போது அக்காவுக்குப் பார்வை அடியோடு போய்விட்டது. மகள் வீட்டில் ஓர் அறையே கதி. துரையைச் செய்து அவள் மடியில் வைத்தே தீருவேன் என்று கிளம்பிவிட்டார்.

கடைப் பொம்மையின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார். பழைய பிரஷ்ஷிலிருந்து மயிர் பிடுங்கிப் பிடரி ஒட்டினார். முதுகு லேசாகக் குழிந்திருந்தது. கை சும்மா இருக்குமா? பட்டி பூசி, தேய்த்து, பலகை மாதிரி ஆக்கிவிட்டார். மேலே ஏழு கோட் காப்பிக் கொட்டை நிறம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

“அக்காவுக்குத்தான் கண்ணு தெரியாதே முதலாளி, யாருக்கு இந்த மினுமினுப்பு?” என்றார் ஒடுக்கு எடுக்கும் மேஸ்திரி.

“என் வேலையைத் தடவிப் பார்த்தாலே தெரியும்யா. பாரு, தொட்டதும் துரைன்னு சொல்லி அழுதுடுவா.”

மகள் வீட்டில் அக்கா கட்டிலில் சம்மணமிட்டு, குதிரையை மடியில் வாங்கிக்கொண்டாள். முதலில் கால்களைத் தடவினாள். “அடக் குள்ளப் பயலே!” என்று சிரித்தாள். பிடரியைக் கோதினாள். பெயிண்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு கை முதுகுக்குப் போனது. போய், திரும்பி வந்து, மறுபடி போனது.

“பள்ளம் எங்கடா?”

“எந்தப் பள்ளம்?”

“துரைக்கு முதுகு தொட்டிலாட்டம் இருக்குமே. வண்டி இழுத்து இழுத்து வந்ததுன்னு அப்பா சொல்லுவாரு. நாம ரெண்டு பேரும் அதுல சறுக்கி வந்து ஒண்ணா முட்டிக்குவோமே. நீ என் இடுப்பைப் புடிச்சிக்கிட்டு கத்துவ.”

நினைவு வந்தது. அவரே உட்கார்ந்த இடம். அதைத்தான் குறை என்று நினைத்துப் பட்டி வைத்து அடைத்திருக்கிறார். யாரும் சொல்லிச் செய்யவில்லை, கேட்காமலே செய்தார்.

“பரவால்லடா,” என்றாள் அக்கா. “நல்லா வழவழன்னுதான் இருக்கு.” விருந்தாளியின் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் இரண்டு தட்டுத் தட்டினாள். ஆயுள் முழுக்க அவர் காது குளிரக் கேட்ட பாராட்டுதான். இன்று செருப்படிபோல் விழுந்தது. அக்காவுக்குக் கண் தெரியாது என்று தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் வரை சுட்டது.

எவரிடமும் அளவு கேட்டறியாத மனிதர், தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டார்: “எவ்வளவு ஆழம்க்கா இருக்கும்?”

அவள் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். சட்டைப் பையிலிருந்த உப்புத்தாளை எடுத்து, தரையில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். ஏழு கோட்டும் தூளாக உதிர்ந்தது.

“என்ன மாமா, இப்பத்தான் கூட்டினேன்!” என்று வாசலில் நின்று கத்தினாள் அக்கா மகள். அவர் நிமிரவில்லை. குதிரையை அக்காவின் கைக்கு நீட்டினார்.

“போதுமாக்கா?”

அவள் தடவினாள்.

“இன்னும் கொஞ்சம்டா.”