டோல்கேட் தெரிந்தால்தான் அரிசி

பாலக்கரைப் பக்கம் பிரியாணிப் பண்டாரி குத்புதீனைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருடத்தில் ஒரு கல்யாணத்திலும் அவருடைய தேக்சாவில் சோறு குழைந்ததில்லை. கைப்பக்குவம் என்றார்கள். கைப்பக்குவமாவது, மண்ணாவது! அவர் எந்த மாப்பிள்ளை வீட்டாரையும் எங்கே வருகிறீர்கள் என்று கேட்க மாட்டார். கேட்டால், குளித்துக்கொண்டிருப்பவன்கூட ‘இதோ வந்துட்டோம்’ என்பான். வேன் டிரைவரைப் போனில் பிடித்து, ‘வெளிய என்ன தெரியுது?’ என்பார். ஊர் எல்லையில் இருக்கிற டோல்கேட் தெரிந்தால்தான் அரிசி போடுவார். அவ்வளவுதான் வித்தை.

போன ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் மட்டும் வேறு. பெண்ணின் வாப்பா கலீம், அவருடைய சொந்த சம்பந்தி. குத்புதீனின் மகள் ஆலியா மருமகளாக வாழ்வது அந்த வீட்டில்தான். மாப்பிள்ளை துறையூர்க்காரர்; வந்து சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

பதினொன்றரைக்குக் கலீம் அடுப்பங்கரைக்கு ஓடி வந்தார்.

“சம்பந்தி, டோல்கேட் தாண்டிட்டாங்களாம். அரிசியப் போடுங்க.”

“டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேனே.”

“மாப்பிள்ளையோட வாப்பாவே சொல்றாரு. அவரையே சந்தேகப்படுறீங்களா?”

பின்னால் ஆலியா நின்றிருந்தாள். எதிர்த்துப் பேச வேண்டாம் வாப்பா என்பதுபோல் முகம். குத்புதீனுக்கு எரிச்சல் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, நாற்பது கிலோ அரிசியையும் போட்டார்.

போட்ட கையோடு, மனசு கேட்காமல், மாப்பிள்ளை வேன் டிரைவர் ஸ்டீபன்ராஜைப் போனில் கூப்பிட்டார்.

“தம்பி, வெளிய என்ன தெரியுது?”

“துறையூர் பஸ் ஸ்டாண்டு பாய். மாலை வாங்கப் போனவங்க இன்னும் வரல.”

அரிசியைத் திரும்ப எடுக்கவா முடியும்? தம்மில் நெருப்பை விட்டால் குழையும், எடுத்தால் ஆறிப்போகும். பாதி நெருப்பைத் தள்ளிவிட்டு, சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மாப்பிள்ளை வந்து, நிக்காஹ் முடிந்து, மூடியைத் திறந்தபோது மணி மூன்று. உள்ளே பிரியாணி இல்லை, கஞ்சி இருந்தது. துறையூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பந்தி முடிந்ததும் கலீம் வந்தார்.

“முப்பது வருஷ அனுபவம் உங்களுக்கு. நான் ஆயிரம் சொல்லுவேன், எனக்கு என்ன தெரியும்? சம்பந்தின்னு பாக்காம நீங்க மாட்டேன்னு சொல்லிருக்கணும்.”

குத்புதீனுக்குத் திருப்பிக் கொடுக்க வாய் வரை வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு யோசித்தும், அந்த மனுஷன் சொன்னதில் ஒரு தப்பும் அகப்படவில்லை. அதுதான் அவருக்கு ஆறவே இல்லை.